சின்னக் காந்தம்

என் கணவர் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததை யாரிடம் சொல்ல ஆரம்பித்தாலும் அவர்கள் என்னை நிறுத்தி எனக்கு நினைவூட்டுவது இதைத்தான். எனவே அதை இங்கேயே வைத்துவிட்டு மேலே போகிறேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மின்மோட்டார்களைச் சோதிக்கும் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். சத்தம் அதிகம். உள்ளே நுழையும்போது காதில் மாட்டும் மூடியை வெளியே வரும்போதுதான் கழற்றலாம். வீட்டுக்கு வந்ததும் எனக்கு வேண்டியது ஒன்றுதான்: காதில் எதுவும் இல்லாமல், நாற்காலியில் சாய்ந்து, கொஞ்ச நேரம் பாட்டு. "ஹெட்போன் போட்டுக்க வேண்டியதுதானே" என்று கேட்பவர்கள் உண்டு. நாள் முழுக்க ஷூவோடு நின்றுவிட்டு வந்தவளிடம், வீட்டுக்குள் வேறு ஷூ போட்டுக்கொள் என்று சொல்வது போன்ற யோசனை அது.

நாங்கள் இருப்பது திருமுல்லைவாயிலில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில். எங்கள் வீட்டுக் கூடத்தின் ஒரு சுவர் எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொது. முன்பு எங்களிடம் பெட்டி ஸ்பீக்கர்கள் இரண்டு இருந்தன. ஒரு மாலை பக்கத்து வீட்டு அம்மா வந்தார். அவர் சண்டைக்கு வரவில்லை. ஒரு நிமிடம் தன் வீட்டுக்கு வர முடியுமா என்று கேட்டு அழைத்துப் போனார். அவர் காட்டிய இடத்தில் சுவரில் கையை வைத்தேன். என் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த பாட்டின் பாஸ், அந்த அடி ஒலி, என் உள்ளங்கையில் அதிர்ந்தது. அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று உரசின. பக்கத்தில் தொட்டிலில் ஒரு கைக்குழந்தை. அந்த வாரமே பெட்டிகளைக் கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு பல மாதங்கள் பாட்டில்லை. அப்போதுதான் பெட்டியே இல்லாத ஸ்பீக்கரைப் பற்றி விரிவாகப் படித்தேன். ஒரு பலகை, அதில் ஒரு துளை, துளையில் அடி ஒலி எழுப்பும் ஊஃபர், பின்பக்கம் முழுக்கத் திறந்தபடி. ஊஃபரின் கூம்பு முன்னால் போகும்போது முன்பக்கக் காற்றைத் தள்ளுகிறது, பின்பக்கக் காற்றை இழுக்கிறது. பக்கவாட்டில் இந்தத் தள்ளலும் இழுப்பும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அதாவது பொதுச் சுவர் பக்கவாட்டில் வரும்படி பலகையை நிறுத்தினால், அந்தச் சுவருக்குப் போகும் அதிர்வு வெகுவாகக் குறையும். பக்கத்து வீட்டுக் குழந்தையும் தூங்கும், நானும் பாட்டுக் கேட்கலாம். எனக்கு வேறு வழி எதுவும் தெரியவில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அதே அழிவு முன்பக்கத்திலும் கொஞ்சம் நடக்கும், அடி ஒலியைத் தின்னும். அதனால் இந்த அமைப்பில் பலகை எளிது, ஊஃபர்தான் கடினம். கூம்பு அகலமாக இருக்க வேண்டும். நிறைய முன்னும் பின்னும் அசைய வேண்டும். மூன்றாவதாக, காந்தத்தின் பிடி தளர்வாக இருக்க வேண்டும். யாரும் நம்பாதது இந்த மூன்றாவதைத்தான். பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங் போல நடந்துகொள்ளும். அங்கே கூம்பைக் கட்டுப்படுத்தப் பெரிய காந்தம் தேவை. பெட்டியே இல்லாத இடத்தில் அதே காந்தம் அடி ஒலியின் குரல்வளையைப் பிடித்துவிடும். இந்தப் பிடி எவ்வளவு என்பதைச் சொல்ல ஓர் எண் இருக்கிறது. க்யூ என்பார்கள். பிடி தளரத் தளர அது கூடும். பெட்டிக்காரர்களுக்கு அது சிறியதாக இருக்க வேண்டும், எனக்குப் பெரியதாக.

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஓர் ஊஃபர் கடை இருக்கிறது. ஆட்டோக்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் மைக் செட்காரர்களுக்கும் அங்கிருந்துதான் போகும். கடைக்காரர் ஐம்பது வயதுக்காரர், வாய் ஓயாதவர். அவருடைய வியாபார முறை ஒன்றே ஒன்று. ஊஃபரைக் கவிழ்த்து, காந்தத்தின் மேல் ஒரு ஸ்பேனரை வைத்து, "இழுங்க சார்" என்பார். வாங்க வந்தவர் இழுப்பார், ஸ்பேனர் வராது, இரண்டு பேரும் சிரிப்பார்கள், வியாபாரம் முடிந்துவிடும். அதன் பிறகு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவார்: "வெயிட்டு!" எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தைக்கு எல்லாப் பொருளும் உண்டு. கனமானது வெயிட்டு. தரமானது வெயிட்டு. ஆள் பலம் உள்ளவன் வெயிட்டு. கடைக்காரருக்கு இவை மூன்றும் ஒன்றேதான்.

நான் க்யூ என்ன என்று கேட்ட முதல் நாள் அவர் கல்லாவிலிருந்து எழுந்துவிட்டார்.

"இன்னா க்யூமா? ரேஷன் கடையா இது?"

கடையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். நன்றாக இருந்ததால் நானும் சிரித்தேன். அடுத்தடுத்த சனிக்கிழமைகளிலும் அவர் அதையே சொன்னபோது சிரிக்கவில்லை.

க்யூவை யாரும் சொல்லாவிட்டால் அளந்துகொள்ளலாம். ஒரு மீட்டர், ஒரு ரெசிஸ்டர், ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர், ஒலி எழுப்ப என் கைப்பேசி. இவற்றைப் பையில் போட்டுக்கொண்டு போய் அவர் கடையின் ஓரத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அளந்தேன். அவர் தடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால் வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, மேடம் காந்தம் இல்லாத ஊஃபர் தேடுறாங்க என்றார். பத்திரிகையில் வரும் அதிசயச் செய்தி போல ஆகிவிட்டேன். எல்லா ஊஃபர்களும் தோற்றன. எல்லாம் பெரிய காந்தம், இறுக்கமான பிடி.

கடைசியில் பரணிலிருந்து தூசியோடு ஒரு ஜோடி வந்தது. பன்னிரண்டு அங்குலம். பழுப்பு நிறக் காகிதக் கூம்பு, ஓரத்தில் மடிப்பு வைத்த துணி. விற்காமல் எத்தனையோ காலமாகக் கிடந்தது. விற்காமல் போனதற்குக் காரணத்தைக் கடைக்காரரே சொன்னார்.

"அது வாணாம்மா. காந்தத்தப் பாரு, இட்லி சைஸுல கீது."

அளந்தேன். எனக்கு வேண்டிய எண் வந்தது. நம்பாமல் மறுபடி அளந்தேன், அதே எண். இரண்டாவதையும் அளந்தேன், கிட்டத்தட்ட அதே. இட்லி அளவுக் காந்தம்தான் எனக்கு வேண்டியது என்று அவரிடம் சொன்னேன். சிரித்தார். அப்புறம் பாஸ் இல்லை என்று வந்து நிற்கக் கூடாது என்று எச்சரித்துக் கட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகும்போது பேருந்தில் மடியிலேயே வைத்திருந்தேன்.

அன்று சாப்பாட்டு மேசையில் என் கணவருக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் மென்பொருள் வேலையில் இருக்கிறார், புரிந்துகொள்ளக் கூடியவர். காகிதத்தில் பலகை வரைந்தேன், சுவர் வரைந்தேன், கூம்பு எப்படி அசையும், காந்தம் ஏன் சிறியதாக இருக்க வேண்டும் என்று அம்புக்குறி போட்டேன். தலையாட்டினார். சரியான இடத்தில் "ஓ" என்றும் சொன்னார். பலகைகளைச் செங்குன்றம் சாலை ஒட்டுப்பலகைக் கடையில் ஏற்கெனவே அறுத்து, துளை போட்டு வாங்கி வைத்திருந்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாட்டுவதாக ஏற்பாடு.

அதற்கு முந்தின சனிக்கிழமை எனக்கு வேலை இருந்தது, அவருக்கு விடுமுறை. மாலையில் வந்து மாடிப்படியில் ஏறும்போதே எங்கள் வீட்டிலிருந்து நாகஸ்வரம் கேட்டது. ஒரு படியில் நின்றுவிட்டேன். நாகஸ்வரம் இருந்தது, தாளம் இருந்தது, தவிலின் வலப்பக்கம் சுரீர் சுரீரென்று விழுந்தது. அடி ஒலி தரும் இடப்பக்கத்தைக் காணோம். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

கதவைத் திறந்தவர் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி. கூடத்தில் என் இரண்டு பலகைகள் நின்றன. அவற்றில் மஞ்சள் கூம்புள்ள புது ஊஃபர்கள். பின்னால் போய்ப் பார்த்தேன். சோற்றுத் தட்டளவு காந்தம்.

"எப்படி? சர்ப்ரைஸ்!" என்றார்.

"என் ஊஃபர் எங்க?"

"அதான் மாத்திட்டேன். நீ ஏமாந்துட்ட. காலையில தூக்கிப் பாத்தேன், ரெண்டையும் ஒரே கையில தூக்க முடியுது. கடைக்கே போயிட்டேன். கடைக்காரரே ஒத்துக்கிட்டார், அது நல்ல பீஸ் இல்லன்னு. மேல காசு கொடுத்து இதை வாங்கிட்டு வந்தேன். வெயிட்டைப் பாரு."

"நீங்க ஏன் என்னைக் கேக்கல?"

வீட்டில் நாங்கள் இருவருமே ஒருவரையொருவர் நீ என்றுதான் அழைப்போம். கோபம் வந்தால் எனக்கு மரியாதை கூடிவிடும். அவருக்கு அது தெரியும். முகத்திலிருந்த மகிழ்ச்சி கொஞ்சம் இறங்கியது.

"கேட்டா நீ வேணாம்னுதான் சொல்லியிருப்ப" என்றார்.

இதை அவர் தன் தரப்பு நியாயமாகச் சொன்னார். சொல்லி முடித்த பிறகும் அதில் என்ன தவறு என்று அவருக்குத் தெரியவில்லை. நான் போய் ஆம்ப்ளிஃபயரை நிறுத்தினேன். பாஸ் குமிழ் கடைசி வரை திருகப்பட்டிருந்தது. ஓடி ஓடித்தான் செட்டாகும், புது ஊஃபர் அப்படித்தான் என்று பின்னாலிருந்து சொன்னார். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கோபத்தில் எனக்கு வரிசைப்படுத்தும் பழக்கம் உண்டு, இல்லாவிட்டால் கத்திவிடுவேன். ஒன்று, கேட்கவில்லை. இரண்டு, வேண்டாம் என்பேன் என்று தெரிந்தே கேட்கவில்லை. மூன்று, நான் இல்லாத இடத்தில் இரண்டு ஆண்கள் நின்று நான் ஏமாந்தேன் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அதில் ஒருவர், நான் ஒவ்வொரு ஊஃபராக அளந்ததை ஓரத்திலிருந்து பார்த்தவர். நான்காவது, அந்தச் சாப்பாட்டு மேசைத் தலையாட்டல். நான்காவதிலேயே வெகுநேரம் நின்றேன். புரியாமல் தலையாட்டியிருந்தால் பரவாயில்லை. புரிந்துதான் ஆட்டினார். ஆனால் காலையில் கையில் எடுத்துப் பார்த்ததும், என் அம்புக்குறிகள் எல்லாவற்றையும் விட அவருடைய கைக்குத் தெரிந்த எடைதான் பெரியதாகிவிட்டது.

மறுநாள் காலை அந்தக் கனமான ஊஃபர்களைக் கழற்றிப் பையில் போட்டு, இருவருமாக ஸ்கூட்டரில் கடைக்குப் போனோம். கடைக்காரர் அவரைப் பார்த்து வாங்க சார் என்றார், என்னைப் பார்த்ததும் கல்லாவைத் துடைக்க ஆரம்பித்தார்.

என் பழுப்பு ஜோடி வேண்டும் என்றேன். அது போய்விட்டது என்றார். முந்தின நாளே ஒரு ஷேர் ஆட்டோக்காரர் விலை குறைவு என்று எடுத்துப் போயிருக்கிறார்.

"நான் எதுக்கு அதை எடுத்தேன்னு உங்களுக்குத் தெரியும்ல?" என்றேன்.

"தெரியும்மா. தெரியாம இன்னா. ஆனா சாரு வந்து வெயிட்டா பேசினாரு. ஊட்டுக்காரரு சொல்றப்ப நான் இன்னா பண்றது?"

என் கணவர் அலமாரியில் அடுக்கியிருந்த கேபிள் சுருள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்டது ஒன்றுதான்: அந்த ஆட்டோ எங்கே நிற்கும். ஆவடி ஸ்டேஷன் பக்கம், பூந்தமல்லி போகிற வரிசையில், மெரூன் நிற சீட் என்றார். வேறு ஒரு ஜோடி பார்த்துத் தருவதாகவும் சொன்னார். காந்தம் சின்னதாக வேண்டுமென்றால் சுரண்டித் தரட்டுமா என்று ஒரு நகைச்சுவையும் சேர்த்தார். அதற்கு என் கணவர் லேசாகச் சிரித்ததை நான் பார்த்தேன்.

ஆவடியில் வண்டியைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. சத்தமே வழிகாட்டியது. பின் சீட்டுக்குப் பின்னால் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்றாக இரண்டு சின்னப் பெட்டிகள், காற்றுப் போகக்கூட வழியில்லாமல் ரெக்ஸின் ஒட்டி இறுக்கமாக மூடியவை. அவற்றில் என் பழுப்புக் கூம்புகள் தும்தும் என்று ஒரே சுருதியில் இடித்துக்கொண்டிருந்தன. தளர்ந்த பிடியுள்ள ஊஃபரைச் சின்னப் பெட்டியில் அடைத்தால் அப்படித்தான் ஆகும். ஓட்டுநர் இளைஞர், காதில் கடுக்கன். அவருக்கும் அது பிடிக்கவில்லை.

"ஒரே கொழகொழன்னு கீதுக்கா. எந்தப் பாட்டு போட்டாலும் ஒரே சத்தம். மலிவா குடுத்தானேன்னு எத்துகினு வந்தேன்" என்றார்.

மாற்றிக்கொள்ளலாம் என்று பையைத் திறந்தேன். அவர் ஒன்றை எடுத்தார். எடையில் கை சற்று இறங்கியது. காந்தத்தைத் தடவிப் பார்த்தார். அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்திருந்தேன், அது மூடிக்கொண்டது.

"பெருச குடுத்துட்டு சின்னத கேக்குற. இன்னா மேட்டருக்கா இது?"

பக்கத்து ஆட்டோக்காரர்கள் இரண்டு பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள். உள்ளே காயில் கம்பி கருகியிருக்கும் என்றார் ஒருவர். "மாமே, உசாரு" என்றார் இன்னொருவர். பெரியதைக் கொடுத்துச் சிறியதைக் கேட்பவளை யாரும் நம்ப முடியாது. அதுவும் அவர்கள் கணக்கில் நியாயம்தான். ஓட்டுநர் என்னைத் தாண்டி என் கணவரைப் பார்த்தார்.

"சார், நீ சொல்லு சார். இன்னாத்துக்கு மாத்துறீங்க?"

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள், நானும் திரும்பினேன். அவருக்கு எல்லாம் தெரியும். காகிதத்தில் வரைந்து காட்டியிருக்கிறேன். முந்தின நாள் இரவு முழுக்க, அவர் கேட்காமலே, மறுபடியும் சொல்லியிருக்கிறேன். ஒரே ஒரு வரி போதும்: அவங்க சொல்றது சரி.

"அது ஒண்ணுமில்ல தம்பி" என்றார் என் கணவர். "வீட்ல கர்ட்டனுக்கு மேட்சா இந்த பிரவுன் கலர்தான் வேணுமாம்."

எல்லோரும் சிரித்தார்கள். சந்தேகம் அப்படியே கரைந்துபோனது. எங்கள் ஊட்டிலும் இதே ரோதனைதான் சார் என்றார் உசாராக இருக்கச் சொன்னவர். ஓட்டுநர் சீட்டுக்கு அடியிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, அப்போதே முதல் திருகைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

பேசாமல் இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் என் ஊஃபர்கள் என் கைக்கு வந்திருக்கும். அது எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டிருக்க உண்மையிலேயே முயன்றேன். ஆனால் அத்தனை சனிக்கிழமைகள், அத்தனை அளவுகள், பக்கத்து வீட்டுச் சுவர், எல்லாம் போய்த் திரைச்சீலையில் முடிந்திருந்தது. எங்கள் வீட்டுத் திரைச்சீலையைக் கடையில் தேர்ந்தெடுத்ததும் அவர்தான், நான் இல்லை.

"கலருக்காக இல்ல" என்றேன்.

என் கணவர் என் முழங்கையைத் தொட்டார். கையை எடுத்துக்கொண்டேன்.

"உங்க பெட்டி சின்னது, இறுக்கமா மூடியிருக்கு. அதுக்குப் பெரிய காந்தம்தான் சரி. சின்னக் காந்தம் இதுக்குள்ள கொழகொழன்னுதான் கேக்கும். நான் வெக்கப் போறது வெறும் பலகையில, பெட்டியே கிடையாது. எனக்குச் சின்னதுதான் வேணும். நம்பலன்னா ஒண்ண மட்டும் மாட்டிக் கேளுங்க. பிடிக்கலன்னா நாங்க கிளம்புறோம்."

ஸ்க்ரூ டிரைவர் நின்றது. உசார்க்காரர் மறுபடி கையைக் கட்டிக்கொண்டார். போச்சு என்றுதான் நினைத்தேன்.

"பெட்டியே இல்லாம எப்டிக்கா பாஸு வரும்?" என்று கேட்டார் ஓட்டுநர்.

இத்தனை வாரங்களில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. வராது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். நான் உள்ளங்கையை நிமிர்த்தி, கூம்பு போல முன்னும் பின்னும் அசைத்து, பலகை எவ்வளவு அகலம், காற்று எந்தப் பக்கம் சுற்றி வரும் என்று சொன்னேன். பாதியைக் கேட்டிருப்பார். பூந்தமல்லி பூந்தமல்லி என்று நடுவில் ஒரு முறை குரல் கொடுத்துக்கொண்டார். பிறகு கனமானதை ஒரு பக்கப் பெட்டியில் மாட்டி, அதே பாட்டைப் போட்டு, மாற்றி மாற்றி இரண்டு பக்கமும் காது வைத்தார். புதுப் பக்கத்தில் டிரம் தனியாக, பாஸ் கிதார் தனியாக விழுந்தது.

"ஆமாக்கா. இது வேற மாரி கீது" என்றார்.

என்னை நம்பினாரா, காதை நம்பினாரா என்று நான் ஆராயவில்லை. அடுத்ததையும் மாட்டினார். என் பழுப்பு ஜோடி பைக்குள் வந்தது. ஒரு கூம்பின் ஓரத்தில் கைரேகை படிந்திருந்தது, மற்றபடி சேதமில்லை.

திரும்பும் வழியில் ஸ்கூட்டரின் பின்னால் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். போக்குவரத்து நின்ற ஓர் இடத்தில் அவர் தலையைத் திருப்பாமல் சொன்னார், கலர் என்று சொன்னது சும்மா, வேலை ஆகணுமே என்றுதான், கடைசியில் கிடைத்துவிட்டதே, சாரி, விடு. என் பதில் சாலையில் நின்று சொல்லக்கூடியதாக இல்லை.

வீட்டுக்கு வந்து பையைக் கீழே வைத்த பிறகு சொன்னேன். "நீங்க அந்தக் கடைக்குப் போய்ச் சொல்லணும். நான் எடுத்தது சரி, நீங்க என்னைக் கேக்காம மாத்தினது தப்புன்னு. அதுக்கப்புறம் இதை மாட்டுறேன்."

வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார்.

"அவர்கிட்ட போய் நான் ஏன் சொல்லணும்? உன்கிட்ட சாரி கேட்டுட்டேன்ல?"

"அவர்கிட்டதானே போய் மாத்தினீங்க."

எங்கள் சோதனைக் கூடத்தில் ஓர் அளவு தப்பாகிவிட்டால், எழுதிய இடத்திலேயே கோடு போட்டுச் சரியானதை எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கேண்டீனில் வந்து காதோடு சொன்னால் திருத்தியதாகாது. இதை அவரிடம் சொன்னேன். வீடு சோதனைக் கூடம் இல்லை என்றார். அது உண்மை, சோதனைக் கூடத்தில் இப்படி நடந்திருக்காது என்றேன்.

அதன் பிறகு பலகைகள் இரண்டும் வெறும் துளைகளோடு கூடத்தில் நின்றன. அவர் மாலைகளில் பஜ்ஜி வாங்கி வந்தார். நான் சாப்பிட்டேன், பஜ்ஜி மேல் எனக்குக் கோபமில்லை. பாத்திரம் துலக்கினார், என் ஷூவுக்குப் பாலிஷ் போட்டார், சாரியை வேறு வேறு விதமாகக் கேட்டார். அவருடைய அம்மா தொலைபேசியில், இத்தனைக்கும் அவன் உனக்காகத்தானே செய்தான் என்றார். எனக்காகத்தான். அதைத்தான் நானும் சொல்கிறேன். எனக்காக என்று செய்யும்போது நான் எதற்கு நடுவில் என்று தோன்றிவிடுகிறது. மற்ற எந்த விஷயத்திலும் அவர் இப்படிச் செய்ததில்லையா என்று அந்த நாட்களில் யோசித்துப் பார்த்தேன். கேஸ் அடுப்பு. என் பழைய கணினி. நான் ஒரு மாதம் ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்த காப்பீடு. எல்லாம் சர்ப்ரைஸ். எல்லாம் நல்லதுக்கு. வரிசை நீளமாக வரவே நிறுத்திக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை காலை அவரே சட்டையை மாட்டிக்கொண்டு, "வா" என்றார்.

கடையில் கூட்டம் இருந்தது. அது அவருக்குச் சங்கடம், எனக்கும் தெரியும். கூட்டம் குறையட்டும் என்று நான் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவர் கல்லாவருகே போய் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"அண்ணே, அன்னைக்கு நான் மாத்திட்டுப் போனது தப்பு. அவங்க எடுத்ததுதான் சரி. நான் அவங்களைக் கேக்கவே இல்ல."

கடைக்காரர் முதலில் சிரித்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இன்னாமா, சாரை இப்டி பண்ட்டியே" என்றார். அவருக்கு அது என்னைப் பற்றிய செய்தியாகத்தான் போய்ச் சேர்ந்தது. ஒரு நல்ல மனிதரைக் கடைக்கு இழுத்து வந்து தலைகுனிய வைத்தவள். நான் வாங்குகிற பொருளை இனி நான் வந்து கேட்டால் மட்டும் மாற்றுங்கள் என்றேன். சரிம்மா, சரிம்மா என்றார். அடுத்த வாடிக்கையாளர் காத்திருந்தார்.

வெளியே வந்ததும் என் கணவர், "போதுமா?" என்று கேட்டார். குரலில் கொஞ்சம் கடுப்பு இருந்தது. அவருக்குக் கடுப்பு இருக்க உரிமை உண்டு. போதும், மாட்டலாம் என்றேன்.

அன்று மதியம் நானே மாட்டினேன். அவர் திருகுகளை எடுத்துக் கொடுத்தார், கேட்ட அளவை மட்டும். அதே நாகஸ்வரத்தைப் போட்டேன். தவிலின் இடப்பக்கம் வந்தது. வயிற்றில் குத்துகிற மாதிரி இல்லை. ஆள் அங்கே உட்கார்ந்து வாசிப்பது போல, தோலும் மரமும் தெரிய வந்தது. குமிழ் நடுவில் இருந்தது, தொடவே இல்லை. பக்கத்து வீட்டுக்குப் போய்த் தொந்தரவு இருக்கிறதா என்று கேட்டேன். ஏன், பாட்டுப் போட்டிருக்கிறாயா என்று அந்த அம்மா திருப்பிக் கேட்டார்.

வீட்டுக்குள் வந்தபோது அவர் என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நன்றாக இருக்கிறது என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, கோபம் போச்சா என்று கேட்டார்.

"இல்ல" என்றேன்.

நான் எழுந்து போய் ஒலியைக் கொஞ்சம் கூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.